கணினி கேள்வி–பதில்: அடுக்குக் கோப்பு முறையை நம்பி வேலை செய்யலாமா?

ஒரு கோப்பு முறையின் மேல் இன்னொன்றை அடுக்கி, இரண்டையும் ஒன்றாகக் காட்டும் லினக்ஸ் வசதிதான் ஓவர்லே எஃப்எஸ். போன இதழில் அதைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைத் தொட்டவைதான். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: எங்கள் பள்ளி லேபில் உபுண்டு போட்ட கணினிகள் இருக்கின்றன. பிள்ளைகள் செட்டிங்ஸை எல்லாம் கலைத்துவிட்டுப் போகிறார்கள். ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும் ஓவர்லே முறையைப் போடச் சொல்கிறார் ஒருவர். அது இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது, ஒருநாள் மொத்தமும் போய்விடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? — கணினி ஆசிரியை, கோவில்பட்டி

முதலாமவர் சொல்வதைக் கேளுங்கள். இரண்டாமவர் சொல்வதும் ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததுதான்.

ஒரு கோப்பு முறையின் மேல் இன்னொன்றை வைத்து இரண்டையும் ஒன்றாகக் காட்டும் யோசனை பெல் லேப்ஸின் பிளான் 9-லும் 4.4பிஎஸ்டியிலும் அப்போதே இருந்தது. லினக்ஸில் அதைப் பலர் கைக்குக் கொண்டுவந்தது, அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எரெஸ் ஸாடோக்கின் குழு எழுதிய யூனியன்எஃப்எஸ். சிடியிலிருந்தே பூட் ஆகும் நாப்பிக்ஸ் 2005-ல் அதைச் சேர்த்துக்கொண்டது. எழுதவே முடியாத சிடியில், எழுத முடிவதுபோல் வேலை செய்ய முடிந்தது. ஆனால் யூனியன்எஃப்எஸ் கடைசிவரை லினக்ஸின் மையமான கர்னலுக்குள் சேரவில்லை. ஜுன்ஜிரோ ஒகாஜிமா 2006-ல் தொடங்கிய ஏயூஎஃப்எஸ்-ம் சேரவில்லை. கர்னலுக்கு வெளியே இருந்ததால், கர்னல் பதிப்பு மாறும்போதெல்லாம் இவற்றுக்குத் தனியாக பேட்ச் போட வேண்டும். அப்டேட் ஆன மறுநாள் லேப் திறந்தால் எதுவும் ஓடாது. உங்கள் நண்பர் சொல்லும் கெட்ட பெயர் அந்தக் காலத்தில் வந்தது.

மிக்லோஷ் செரெடி எழுதிய ஓவர்லே எஃப்எஸ், 2014 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.18-ல் கர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அதன் பிறகு, புரோகிராம்களை அவற்றுக்குத் தேவையானவற்றோடு கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரும் ஏயூஎஃப்எஸ்-ஐ விட்டு இதற்கு மாறியது. இன்று உலகம் முழுவதும் ஓடும் கன்டெய்னர்களில் பெரும்பாலானவை இதன் மேல்தான் நிற்கின்றன. இத்தனை பேர் இரவும் பகலும் ஓட்டிப் பார்க்கும் ஒன்றைச் சோதனை நிலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த உறுதியை லினக்ஸின் ஓவர்லேவுக்கு மட்டும்தான் தருகிறேன். ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளத்தில், அதற்கே உரிய யூனியன்எஃப்எஸ்-ன் கையேட்டுப் பக்கத்திலேயே, இது சரியாக வேலை செய்யாது, உங்கள் தகவலை அழித்தாலும் அழித்துவிடும் என்ற எச்சரிக்கை பெரிய எழுத்தில் நீண்ட காலம் இருந்தது. அதே ஃப்ரீபிஎஸ்டியில், ஒரு ஃபோல்டரை இன்னோர் இடத்தில் அப்படியே காட்டும் நல்எஃப்எஸ்-ஐ, ஜெயில் எனப்படும் தனி அறைகளுக்காக எல்லோரும் நிம்மதியாகப் பயன்படுத்துகிறார்கள். அடுக்கு முறைகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

வேலை செய்யும் விதம் இதுதான். கட்டட வரைபடத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்துத் திருத்தம் போடுவார்கள் இல்லையா? கீழே உள்ள வரைபடம் அப்படியே இருக்கும், திருத்தமெல்லாம் மேல் தாளில். மேலிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஒரே படமாகத் தெரியும். உங்கள் லேபில் கீழடுக்கு என்பது ஹார்டு டிஸ்க்கில் நிறுவிய உபுண்டு, மேலடுக்கு ரேமில். ரீபூட் செய்தால் மேல் தாள் போய்விடும்.

உபுண்டுவில் ஓவர்லேரூட் என்ற பேக்கேஜ் இருக்கிறது. அதை நிறுவி, அதன் கான்ஃபிக் கோப்பில் டிஎம்பிஎஃப்எஸ் (ரேமில் இயங்கும் கோப்பு முறை) என்று கொடுத்து ரீபூட் செய்தால் போதும். நான் பார்த்துக்கொள்ளும் கல்லூரி லேபில் இதுதான் ஓடுகிறது. மூன்று விஷயங்களை மட்டும் முதல் நாளே செய்துவிடுங்கள்.

முதலாவது, தானாக அப்டேட் ஆவதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கணினியும் தினமும் காலையில் அதே அப்டேட்டை இறக்கி, ரேமில் எழுதி, மாலையில் தொலைத்துவிடும். ரேமில் பாதிவரை மேலடுக்கே தின்றுவிடலாம். மதியத்துக்கு மேல் கணினி ஆமையாக நகர்ந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், பிள்ளைகளின் பாட வேலைகளுக்குத் தனி இடம். சர்வரில் ஒரு ஷேர் இருந்தால் நல்லது. தனி பார்ட்டிஷன் வைப்பதானால் கவனம் தேவை. ஓவர்லேரூட் சும்மா விட்டால் மற்ற பார்ட்டிஷன்களையும் மூடிவிடும். ரிகர்ஸ் என்ற விருப்பத்துக்கு 0 கொடுத்தால்தான் ரூட்டை மட்டும் மூடும். ஒரு கோப்பைச் சேமித்து, ரீபூட் செய்து, அது இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டுப் பிறகு பிள்ளைகளை உட்கார வையுங்கள்.

கடைசியாக, நிரந்தரமாக ஏதாவது நிறுவ வேண்டுமானால் ஓவர்லேரூட்-சிஹெச்ரூட் என்ற கட்டளை உங்களைக் கீழடுக்குக்குள் கொண்டுபோகும். வேலை முடிந்த உடனே ரீபூட் செய்துவிடுங்கள். ஏன் என்பதைக் கீழே சேலம் வாசகரின் கேள்வியில் சொல்கிறேன்.

கே: கோழிப்பண்ணையில் ஷெட்டின் வெப்பநிலையைப் பதிய ராஸ்பெர்ரி பை வைத்திருக்கிறேன். கரண்ட் போய்ப் போய் வந்ததில் எஸ்டி கார்டு கெட்டுவிட்டது. புதுக் கார்டு போட்டு, ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லேயை ஆன் செய்தேன். இப்போது கார்டு நன்றாக இருக்கிறது, ஆனால் கரண்ட் போனால் அன்றைய பதிவெல்லாம் காணவில்லை. — நாமக்கல் வாசகர்

கார்டைக் காப்பாற்றுவதும் பதிவு தொலைவதும் ஒரே காரணத்தால்தான். கார்டில் எதுவுமே எழுதப்படுவதில்லை, அதனால் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்க் கெடுவதற்கு வழியில்லை. உங்கள் பதிவு எழுதப்படுவதும் ரேமில்தான், அதனால் அது கரண்ட்டோடு போகிறது.

ஓவர்லேயைக் கழற்ற வேண்டாம். ஒரு சின்ன யூஎஸ்பி டிரைவை எக்ஸ்டி4-ல் ஃபார்மட் செய்து தனியாக மவுன்ட் செய்யுங்கள், அதாவது ஒரு ஃபோல்டரில் இணையுங்கள். வெப்பநிலைப் பதிவு மட்டும் அங்கே போகட்டும். மவுன்ட் பட்டியலை ஒருமுறை பாருங்கள். யூஎஸ்பி டிரைவின் வரியிலும் ஓவர்லே என்று இருந்தால், மேலே ஆசிரியைக்குச் சொன்ன ரிகர்ஸ் விஷயம் உங்களுக்கும் பொருந்தும். யூஎஸ்பியும் ஒருநாள் கெடலாம். ஆனால் அன்றைக்குக் கெடுவது பதிவு மட்டும்தான், ஷெட்டில் கருவி ஓடிக்கொண்டே இருக்கும். கோடையில் கோழி வளர்ப்பவருக்கு அது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்டேட் செய்ய: ஓவர்லேயை ஆஃப் செய்து ரீபூட், அப்டேட், மறுபடி ஆன் செய்து ரீபூட். குறுக்கு வழி தேட வேண்டாம்.

கே: டாக்கர் இமேஜ் ஒன்றில் 2 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பை அடுத்த வரியிலேயே அழிக்கிறேன். கன்டெய்னருக்குள் போய்ப் பார்த்தால் கோப்பு இல்லை. இமேஜின் அளவோ குறையவே இல்லை. எங்கே போகிறது அந்த 2 ஜிபி? — சாஃப்ட்வேர் டெவலப்பர், சென்னை

எங்கேயும் போகவில்லை. கீழடுக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

கீழடுக்கைத் தொடவே கூடாது என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. அப்படியானால் அங்கே இருக்கும் கோப்பை எப்படி அழிப்பது? அழித்ததாகக் காட்டத்தான் முடியும். இதை உங்கள் கணினியிலேயே பார்க்கலாம். கீழ், மேல், வேலை, சேர்ப்பு என்று நான்கு ஃபோல்டர் உருவாக்குங்கள். மேலும் வேலையும் ஒரே பார்ட்டிஷனில் இருக்க வேண்டும். கீழ் ஃபோல்டரில் ஒரு கோப்பைப் போட்டு, நான்கையும் வைத்து ஓவர்லே மவுன்ட் செய்யுங்கள். இப்போது சேர்ப்பு ஃபோல்டருக்குள் போய் அந்தக் கோப்பை அழியுங்கள். பிறகு மேல் ஃபோல்டரை எல்எஸ் கட்டளையில் விரிவாகப் பாருங்கள். காலியாக இருந்த ஃபோல்டரில் அதே பெயரில் ஒன்று முளைத்திருக்கும். வரியின் தொடக்கத்தில் கேரக்டர் டிவைஸ் என்பதற்கான சி என்ற எழுத்து இருக்கும், அளவு வர வேண்டிய இடத்தில் 0, 0 என்று இருக்கும். இதற்கு ஒயிட்அவுட் என்று பெயர். ஓவர்லே அதைப் பார்த்ததும், அந்தப் பெயரில் கீழே இருப்பதைக் கண்ணுக்குக் காட்டாமல் மறைத்துவிடும். கீழ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், கோப்பு பத்திரமாக இருக்கும்.

கன்டெய்னருக்கு மூலமான இமேஜைத் தயாரிக்கும் குறிப்புதான் டாக்கர்ஃபைல். அதில் ஒவ்வொரு ரன் வரியும் தனி அடுக்கு. ஒரு வரியில் இறக்கி அடுத்த வரியில் அழித்தால், ஒரு அடுக்கில் 2 ஜிபி, அதன் மேல் அடுக்கில் ஒரு ஒயிட்அவுட். இறக்குவது, பயன்படுத்துவது, அழிப்பது மூன்றையும் ஒரே ரன் வரிக்குள் எழுதுங்கள். அல்லது மல்டி-ஸ்டேஜ் பில்டுக்கு மாறி, வேண்டியதை மட்டும் கடைசி நிலைக்குக் காப்பி செய்யுங்கள்.

அளவைவிட எனக்குக் கவலை தருவது வேறு. பாஸ்வேர்டு, பிரைவேட் கீ போன்றவற்றையும் இப்படித்தான் உள்ளே போட்டு அடுத்த வரியில் அழிக்கிறார்கள். அந்த இமேஜை வெளியே ஏற்றிவிட்டால், கீழடுக்கைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவரும் அதை எடுத்துவிடலாம். அப்படி ஏதாவது ஏற்றியிருந்தால், இமேஜைத் திருத்துவதற்கு முன் அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

கே: என் ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் போட்டிருக்கிறேன். இடம் போதவில்லை என்று, கூடவே வந்த சில பேக்கேஜ்களை நீக்கினேன். காலி இடம் கூடவில்லை, கொஞ்சம் குறைந்ததுபோல் கூட இருக்கிறது. — திருச்சி வாசகர்

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. மேலே சொன்ன அதே கதை. ஃபர்ம்வேரோடு வந்தவை ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற அழிக்க முடியாத கீழடுக்கில் இருக்கின்றன. நீக்கினால் மேலடுக்கில் ஒயிட்அவுட் எழுதப்படும், அதற்கும் கொஞ்சம் இடம் வேண்டும். அந்தப் பேக்கேஜ்கள் இல்லாமல் இமேஜைத் தயாரித்து ஃப்ளாஷ் செய்வதுதான் வழி. ரவுட்டரை ரீசெட் செய்யும்போது நடப்பதும் இந்த மேலடுக்கை அழிப்பது மட்டும்தான். செட்டிங் எதையோ மாற்றி ரவுட்டர் முடங்கினாலும் திரும்பி வர முடிவது, கீழே ஒரு கைபடாத நகல் இருப்பதால்.

கே: கன்டெய்னருக்குள் டேட்டாபேஸ் வைத்திருக்கிறோம். இமேஜோடு வரும் டேட்டா கோப்பு 3 ஜிபி. கன்டெய்னரைத் தொடங்கி முதல் என்ட்ரி போடும்போது மட்டும் வெகுநேரம் நின்றுவிடுகிறது, அதன் பின் வேகமாக ஓடுகிறது. ஓவர்லேயில் ஏதோ கோளாறா? — மதுரை வாசகர்

கோளாறு இல்லை, அதன் சுபாவமே அப்படி. டிரேசிங் பேப்பர் என்று மேலே சொன்னேனே, அந்த உதாரணம் இங்கே உதவாது. ஓவர்லே திருத்தத்தை மட்டும் மேலே எழுதுவதில்லை. கீழடுக்குக் கோப்பை எழுதுவதற்காகத் திறந்த அந்த நொடியில் முழுக் கோப்பையும் மேலடுக்குக்குக் காப்பி செய்கிறது. நீங்கள் ஒரே ஒரு பைட் மாற்றினாலும் 3 ஜிபியும் மேலே ஏறும். இதைக் காப்பி-அப் என்பார்கள். எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறையில் ரிஃப்ளிங்க் (தகவலைப் பிரதி எடுக்காமல் பகிர்ந்துகொள்ளும்) வசதியோடு இரண்டு அடுக்கும் ஒரே இடத்தில் இருந்தால் நொடியில் முடியலாம். சாதாரண எக்ஸ்டி4-ல் முழுசாகக் காப்பி ஆகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அனுமதியை மட்டும் மாற்றினாலும் இந்தத் தொல்லை இருந்தது. லினக்ஸ் 4.19-ல் வந்த மெட்டாகாப்பி அதற்கு ஒரு வழி தந்தது.

லினக்ஸ் 4.19-க்கு முந்தைய கர்னல்களில் வேகத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. ஒரு புரோகிராம் ஒரு கோப்பைப் படிப்பதற்காகத் திறந்து வைத்திருக்கிறது. பிறகு அதே கோப்பை எழுதுவதற்காக இன்னொரு முறை திறக்கிறது. இரண்டாவது திறப்பில் கோப்பு மேலே ஏறிவிடும், முதல் திறப்போ இன்னும் கீழே உள்ள பழையதையே பார்த்துக்கொண்டிருக்கும். எழுதியது படிப்பவருக்குத் தெரியாது. சென்ட்ஓஎஸ் கன்டெய்னர்களில் பேக்கேஜ் நிறுவும் யம் கட்டளை, நிறுவியவற்றின் பட்டியலான ஆர்பிஎம் டேட்டாபேஸ் கெட்டுவிட்டது என்று புலம்பியது இதனால்தான். அதற்காகவே ஒரு பிளகின் எழுதினார்கள். அந்த பிளகின் செய்தது, முதலில் எல்லாக் கோப்பையும் ஒருமுறை தொட்டு மேலே ஏற்றிவிடுவது.

உங்களுக்கு என் பதில்: டேட்டாபேஸை ஓவர்லேயில் வைக்கவே வைக்காதீர்கள். டாக்கர் வால்யூமில் வையுங்கள். வால்யூம் ஓவர்லேயைத் தாண்டி நேராக டிஸ்க்குக்குப் போகும். முதல் என்ட்ரியும் நிற்காது, கன்டெய்னரை அழித்தாலும் கணக்கு மிஞ்சும். இதில் நான் யாருக்கும் விதிவிலக்கு சொல்வதில்லை.

கே: ஒரே கீழடுக்கை வைத்து ஐந்து ஓவர்லே மவுன்ட் செய்திருக்கிறேன். கீழடுக்கில் நேராக ஒரு கோப்பை மாற்றினால் ஐந்திலும் மாறும் என்று நினைத்தேன். சிலவற்றில் மாறுகிறது, சிலவற்றில் பழையதே வருகிறது. — சேலம் வாசகர்

கீழடுக்கை எத்தனை ஓவர்லே வேண்டுமானாலும் பகிரலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் மவுன்ட் ஆகி இருக்கும்போது அடியில் கை வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் கணினி விழாது, உறையாது. ஆனால் என்ன தெரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று கர்னல் ஆவணமே சொல்கிறது. ஏற்கெனவே மேலே ஏறிவிட்ட கோப்பு என்றால், கீழே நீங்கள் என்ன மாற்றினாலும் அந்த மவுன்ட்டில் தெரியவே தெரியாது. உங்களுக்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி வருவது இதனால்தான். ஐந்தையும் அன்மவுன்ட் செய்து, மாற்றி, திரும்ப மவுன்ட் செய்யுங்கள். ஆசிரியைக்கு ரீபூட்டை வலியுறுத்தியதும் இதற்காகவே.

மேலடுக்கை மட்டும் இரண்டு ஓவர்லேவுக்குப் பகிர்ந்துவிடாதீர்கள். நிலைத்தன்மை பற்றி எனக்கு வரும் புகார்களைக் கிளறிப் பார்த்தால், அநேகமாக இந்த இரண்டில் ஒன்றுதான் அடியில் இருக்கும்: கீழடுக்கை ஓடும்போதே மாற்றியிருப்பார்கள், அல்லது மேலடுக்கை வைக்கக் கூடாத இடத்தில் வைத்திருப்பார்கள். என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) ஷேரும் எஃப்ஏடி பென்டிரைவும் மேலடுக்குக்கு ஆகாது. கீழடுக்காக என்எஃப்எஸ் இருக்கலாம்.

கே: 2023-ல் ஓவர்லேயில் பாதுகாப்பு ஓட்டை என்று படித்தேன். பயப்பட வேண்டுமா? — ஈரோடு வாசகர்

உபுண்டு தன் கர்னலில் ஓவர்லே எஃப்எஸ்-க்குச் செய்திருந்த சொந்த மாற்றங்களால் வந்த ஓட்டை அது. கேம்ஓவர்லே என்று பெயர் வைத்தார்கள். சாதாரண யூசர் ரூட் ஆகிவிட முடியும். அடைத்துவிட்டார்கள். பலர் லாகின் செய்யும் இயந்திரம் என்றால் கர்னல் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஓவர்லே போட்ட லேப் கணினிகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், அங்கே அப்டேட்டை நீங்கள் கையால் செய்தால்தான் உண்டு.

கே: பழைய உபுண்டு லேப்டாப்பில் ஹோம் ஃபோல்டரை என்கிரிப்ட் செய்து வைத்திருக்கிறேன். படங்களை பென்டிரைவிலிருந்து காப்பி செய்தால், சில ஃபோல்டர்கள் மட்டும் பெயர் நீளம் என்று சொல்லி மறுக்கின்றன. ஆங்கிலப் பெயர் என்றால் ஏற்கிறது. தமிழ்ப் பெயரில் என்ன தவறு? — ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

ஐயா, உங்கள் பெயரிடலில் தவறே இல்லை. உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருப்பது ஈகிரிப்ட்எஃப்எஸ். இதுவும் அடுக்கு முறைதான், எக்ஸ்டி4-ன் மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்பையும் பூட்டிக் கீழே அனுப்புகிறது. பெயரையும் பூட்டுகிறது. பூட்டிய பெயர் அசல் பெயரைவிட நீளமானது. எக்ஸ்டி4 ஒரு பெயருக்கு 255 பைட் தருகிறது. பூட்டுக்கான இடம் போக உங்களுக்கு மிஞ்சுவது 143.

ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூனிகோடு தமிழில் 'த' என்பதற்கு 3 பைட், கொக்கி சேர்ந்து 'தி' ஆனால் 6. 'தாத்தா சதாபிஷேகம் அன்று திருக்கடையூர் கோயிலில் எடுத்த படங்கள்' என்று ஒரு ஃபோல்டர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிப் பார்த்தால் 171 பைட் வருகிறது. பென்டிரைவில் இடைஞ்சல் இல்லாமல் இருக்கும், உங்கள் ஹோமில் ஏறாது. நம் மொழியில் நிறைவாகப் பெயர் வைப்பவருக்குத்தான் இந்தச் சுவர் முதலில் இடிக்கிறது. அதற்காகப் பெயரைச் சுருக்கச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

உபுண்டு 18.04-லேயே இந்த வசதியை இன்ஸ்டாலரிலிருந்து எடுத்துவிட்டார்கள். நீங்களும் வெளியே வருவது நல்லது. லாகின் செய்திருக்கும்போதே எல்லாப் படங்களையும் வெளி ஹார்டு டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். அப்படிக் காப்பி ஆனவை பூட்டில்லாமல் இருக்கும், அதனால் டிஸ்க்கைப் பத்திரமாக வையுங்கள். இரண்டொரு படத்தை வேறு கணினியில் திறந்து பாருங்கள். பிறகு லேப்டாப்பில் புதிய உபுண்டுவை, டிஸ்க் முழுவதையும் பூட்டும் லக்ஸ் முறையோடு நிறுவுங்கள். லக்ஸ் கோப்பு முறைக்கு அடியில் வேலை செய்வதால் பெயர் நீளத்தைத் தொடாது, 255 பைட்டும் உங்களுக்கே. பழைய லேப்டாப்பை அழிக்கும் முன், ஈகிரிப்ட்எஃப்எஸ்-அன்ராப்-பாஸ்ஃப்ரேஸ் என்ற கட்டளையை ஓட்டி, அது காட்டும் நீண்ட சாவியைத் தாளில் எழுதி எடுத்து வையுங்கள். பழைய பேக்கப் ஏதாவது பூட்டிய நிலையில் பிறகு அகப்பட்டால் அதைத் திறக்க அந்தச் சாவி வேண்டும்.